முதல் சந்தேகம் வால்வு மீது வேண்டாம்!

தாத்தா காலத்து ரேடியோப் பெட்டி, குமிழைத் திருகியவுடன் பாடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல்கள் மெல்லச் சூடாகி, ஆரஞ்சு நிறத்தில் ஒளிர ஆரம்பித்த பிறகுதான் குரல் வரும். அந்தக் கண்ணாடிக் குழல்தான் வால்வு. டிரான்சிஸ்டர் வந்தது, வால்வு வீட்டை விட்டுக் கிளம்பியது. இன்றைய பிள்ளைகளில் பலர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால், ஒரு கூட்டம் மட்டும் இன்னும் வால்வைக் கைவிடவில்லை. அவர்கள்தான் ஹாம் ரேடியோக்காரர்கள்.

தேர்வு எழுதி, அரசிடம் உரிமம் வாங்கி, தனக்கென ஓர் அழைப்புக் குறியீட்டோடு உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் இன்னொரு ஹாமுடன் ரேடியோ அலையில் பேசுவது இவர்களின் பொழுதுபோக்கு. அதற்கு செல்போன் கோபுரமும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். புயல், வெள்ளம் என்று எல்லா இணைப்பும் அறுந்துபோகிற நாளில் இந்தப் பொழுதுபோக்கு ஊருக்கே உதவும்.

இவர்களில் பலருடைய மேஜை மீது ஒரு கனமான இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் வால்வு ஆம்ப்ளிஃபையர். அது ஒரு நாள் திடீரென்று படுத்துவிட்டால், உரிமையாளர் வாயில் வரும் முதல் வார்த்தை, "வால்வு போச்சு!" என்பதுதான். உடனே ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது வால்வு வாங்கிப் போடுவார். பெட்டி அப்போதும் பேசாது. காரணம், பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி வால்வே இல்லை.

100 வாட் போதாதா?

கடையில் வாங்கும் ஹாம் கருவி பெரும்பாலும் 100 வாட் திறனில் அலையை அனுப்பும். வானம் ஒத்துழைத்தால் அதுவே கண்டம் தாண்டிப் போகும். ஒத்துழைக்காத நாட்களில் மறுமுனையில் இருப்பவர் காதில் 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும்தான் விழும். அந்த இரைச்சலுக்கு மேலே குரலைத் தூக்கி நிறுத்தவே ஆம்ப்ளிஃபையர் வேண்டியிருக்கிறது.

100 வாட்டை 1,000 வாட்டாக்கினால் சத்தமும் பத்து மடங்காகும் என்று நினைக்க வேண்டாம். மறுமுனையில் உள்ள சிக்னல் மீட்டரில் முள் சுமார் ஒன்றரைப் புள்ளிதான் நகரும். ஆனால், 'ஏதோ கேட்கிறது' என்பதற்கும் 'புரிகிறது' என்பதற்கும் நடுவே இருப்பது பல நேரங்களில் அந்த ஒன்றரைப் புள்ளிதான்.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. அமெரிக்காவில் ஹாம்களுக்கு 1,500 வாட் வரை அனுமதி. இந்தியாவில் வரம்பு இதைவிடக் குறைவு, உரிமத்தின் தரத்தைப் பொறுத்து அது மாறும். பெட்டியால் எவ்வளவு முடியும் என்பது கணக்கில்லை, உரிமத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதே கணக்கு.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் இருக்கும்போது வால்வு எதற்கு? அது தவறைப் பொறுத்துக்கொள்ளும். ஆன்டெனா இணைப்பு சரியில்லாமல் போனாலோ, ஒரு குமிழைத் தப்பாகத் திருகிவிட்டாலோ, பவர் டிரான்சிஸ்டர் கண் இமைக்கும் நேரத்துக்குள் கருகிவிடக்கூடும். வால்வோ சில விநாடிகள் சிவந்து எச்சரிக்கும். அதற்குள் கையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இவ்வளவு பொறுமைசாலி என்பதாலேயே சந்தேகப் பட்டியலில் அதற்குக் கடைசி இடம் தர வேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் பிறந்த பெட்டி

1934-ல் கலிபோர்னியாவில் வில்லியம் ஐடல், ஜாக் மெக்கல்லா என்ற இருவர் சேர்ந்து வால்வு கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். இருவருமே ஹாம்கள். இரண்டு பேர் பெயரையும் சேர்த்து 'ஐமேக்' என்று வைத்தார்கள். ஹாம்களுக்கு மிகவும் வேண்டப்பட்ட '3-500இஸட்' வால்வு அந்தக் கம்பெனியின் வடிவமைப்பு. பெயரில் உள்ள 3 என்பது உள்ளே இருக்கும் மூன்று முக்கிய உறுப்புகளைக் குறிக்கும். 500 என்பது, அதன் பிளேட் 500 வாட் வெப்பத்தைத் தாங்கும் என்பதற்கான குறி.

இந்த வால்வுகள் இரண்டைப் போட்டு, மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பர் ஊரிலிருந்த ஹீத்கிட் கம்பெனி 1970-களில் 'எஸ்பி-220' என்ற ஆம்ப்ளிஃபையரை விற்றது. முழுப் பெட்டியாக அல்ல, உதிரி பாகங்களாக! வாங்கியவர் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி, கையேட்டில் ஒவ்வொரு படிக்கும் 'டிக்' போட்டுக்கொண்டே தானே கோத்து முடிக்க வேண்டும். அப்படிக் கோத்த பெட்டிகள் இன்றும் பல நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வால்வு ஆம்ப்ளிஃபையரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது?

வால்வின் நடுவில் ஃபிலமென்ட் என்ற இழை. அது சூடானால் எலெக்ட்ரான்களை உமிழும். வெளியே பிளேட். அதற்கு 2,500 முதல் 3,000 வோல்ட் கொடுத்தால், அந்த எலெக்ட்ரான்களை இழுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் கம்பி வலை போன்ற கிரிட். ஃபிலமென்ட்டுக்கும் கிரிட்டுக்கும் இடையே சின்னதாக மின்னழுத்தத்தை மாற்றினால் போதும், பிளேட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டம் ஏறி இறங்கும். சின்ன மடைப் பலகையை அசைத்து வாய்க்கால் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பது மாதிரி.

எஸ்பி-220-ல் கிரிட் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். ஹாம் கருவியிலிருந்து வரும் 100 வாட் சிக்னல் ஃபிலமென்ட் பக்கம் போகும். இந்த அமைப்பு எளிமையானது, தடுமாறாதது. அதனால்தான் வீட்டில் செய்பவர்களுக்கு இது பிடித்துப்போனது.

வடிவமைப்புக் கணக்கு கடினமில்லை. வேலை நேரத்தில் 2,500 வோல்ட், இரண்டு வால்வுக்கும் சேர்த்து 0.8 ஆம்பியர் என்றால் உள்ளே போவது 2,000 வாட். அதில் 60 சதவிகிதம், அதாவது சுமார் 1,200 வாட் ஆன்டெனாவுக்குப் போகும். மீதி 800 வாட் பிளேட்டுகளில் வெப்பமாகும். இரண்டு பிளேட்டும் சேர்ந்து 1,000 வாட் தாங்கும் என்பதால் கணக்கு சரி. ஆனால், ஒரு வால்வின் ஃபிலமென்ட் 5 வோல்ட்டில் சுமார் 14.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து இன்னும் 145 வாட் வெப்பம்! ஆக, ஒரு இஸ்திரிப் பெட்டிக்குக் குறையாத சூடு ஒரு சின்னப் பெட்டிக்குள். மின்விசிறி நின்றால் வால்வின் ஆயுளும் நின்றுவிடும்.

அடுத்தது ஆன்டெனாவோடு பொருத்துவது. மேலே சொன்ன கணக்குப்படி இந்த வால்வு ஜோடி சுமார் 1,700 ஓம் சுமையை எதிர்பார்க்கும். ஆன்டெனா கேபிளோ 50 ஓம். நடுவில் ஒரு காயிலும் இரண்டு சுழல் கெப்பாசிட்டர்களும் சேர்ந்து, சைக்கிள் கியர் போல இரண்டையும் ஒத்துப்போக வைக்கின்றன. முகப்பில் 'டியூன்', 'லோடு' என்றிருக்கும் இரண்டு குமிழ்களும் அந்தக் கெப்பாசிட்டர்களைத்தான் திருப்புகின்றன.

திறப்பதற்கு முன் ஒரு கணக்கு

பழுது பார்க்கும் கதைக்குப் போகும் முன், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு இதைப் படிப்பது நல்லது.

எஸ்பி-220-ன் மின்சாரப் பகுதியில் 200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் எட்டு, வரிசையாக இணைந்திருக்கின்றன. மொத்தம் 25 மைக்ரோஃபாரட். சுமையில்லாத நேரத்தில் அதில் 3,000 வோல்ட் வரை நிற்கும். அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 112 ஜூல். தாறுமாறாகிப்போன இதயத் துடிப்பைச் சீராக்க மருத்துவமனையில் கொடுக்கும் அதிர்ச்சி பொதுவாக 120 ஜூலிலிருந்து தொடங்கும். அங்கே உயிர் கொடுக்கும் அளவுக்குச் சற்றே குறைந்த மின்சாரம், இங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் காத்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் அது உடனே போய்விடாது.

அதை வடிப்பதற்காக ஒவ்வொரு கெப்பாசிட்டர் மீதும் 30,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று உண்டு. எல்லாம் நன்றாக இருந்தால், அரை நிமிடத்துக்குள் 3,000 வோல்ட் 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஆனால், எட்டில் ஒன்று அறுந்திருந்தால்? மற்ற ஏழும் வடிந்துவிடும், அந்த ஒரு கெப்பாசிட்டர் மட்டும் 300 வோல்ட்டுக்கும் மேல் சுமந்துகொண்டு அமைதியாக இருக்கும். 'மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதே' என்றும் நம்ப முடியாது. மீட்டருக்குப் போகும் ரெசிஸ்டர் அறுந்திருந்தால், 3,000 வோல்ட் இருக்கும்போதும் முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கும்.

அதனால், அனுபவசாலிகள் ஒரே வரிசையை மாற்றாமல் கடைப்பிடிப்பார்கள். முதலில் சுவிட்சை அணைப்பார்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கண்ணெதிரே வைப்பார்கள். மீட்டர் இறங்குவதைப் பார்த்து, அதற்கு மேலும் சில நிமிடம் காத்திருப்பார்கள். பிறகுதான் மூடியைத் திறப்பார்கள். நீளமான, மின்சாரம் கடத்தாத குச்சி ஒன்றின் நுனியில் உலோகக் கொக்கி இருக்கும். கொக்கியிலிருந்து வரும் வயரை முதலில் பெட்டியின் உடம்பில் இறுக்கமாக மாட்டிவிட்டு, பிறகு கொக்கியால் பிளேட் இணைப்பையும் ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் தொடுவார்கள். வேலை முடியும் வரை கொக்கி பிளேட் இணைப்பிலேயே தொங்கும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றப்பட்டிருக்கும். வீட்டில் யாருமில்லாத நேரத்தில் இந்த வேலையைத் தொடவே மாட்டார்கள்.

உயர் அழுத்தத்தைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்கவும் கூடாது. அது பெரும்பாலும் 1,000 வோல்ட்டோடு நின்றுவிடும். 3,000 வோல்ட்டில் மீட்டரும் போகும், பிடித்திருக்கும் கையும் போகும்.

அறிகுறி என்ன சொல்கிறது?

நல்ல வைத்தியர் நாடி பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதுவார். இங்கேயும் அதேதான்.

முதல் கேள்வி, பழுது பெட்டிக்கு உள்ளேயா, வெளியேயா? ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, இந்தத் திறனைத் தாங்கும் 50 ஓம் சோதனைச் சுமையை மாட்டினால் தெரிந்துவிடும். அதில் பெட்டி ஒழுங்காக ஓடினால், பழுது மொட்டை மாடியில் இருக்கிறது. மழைத்தண்ணீர் புகுந்த கேபிள் முனைக்காக வால்வு வாங்கியவர்கள் உண்டு.

ஃபிலமென்ட் ஒளிர்கிறது, உயர் அழுத்த மீட்டரும் சரியாகக் காட்டுகிறது. ஆனால், அனுப்பும் பொத்தானை அழுத்தினாலும் பிளேட் மின்னோட்டம் எழவே இல்லை. இந்தப் பெட்டியில் ஃபிலமென்ட் வழியில் 5.1 வோல்ட் ஸீனர் டையோடு ஒன்று இருக்கிறது. அது அறுந்தால் மின்னோட்டத்துக்கு வழியே இல்லை. அல்லது ரிலேயின் முனைகள் கறுத்துப்போய்த் தொடாமல் இருக்கலாம். இரண்டுமே வால்வு விலையில் சின்னப் பங்குகூட ஆகாது.

சிக்னல் எதுவும் கொடுக்காதபோதே மின்னோட்டம் வழக்கத்தைவிட அதிகம். அதே ஸீனர் இப்போது ஷார்ட் ஆகியிருக்கலாம். அல்லது ஆம்ப்ளிஃபையர் தானாகவே அலை கிளப்பிக்கொண்டிருக்கலாம். மைக் வைத்த மேடையில் ஸ்பீக்கர் 'கீய்ங்' என்று கத்துமே, அதுபோலத்தான். கண்டுபிடிப்பது சுலபம். சிக்னல் இல்லாமல் டியூன், லோடு குமிழ்களைத் திருகிப் பார்க்க வேண்டும். மின்னோட்ட முள் அசையவே கூடாது. அசைந்தால், பிளேட் இணைப்பில் உள்ள சின்னக் காயிலையும் அதோடு சேர்ந்த ரெசிஸ்டரையும் பெட்டியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பல வருட வெப்பத்தில் அந்த ரெசிஸ்டரின் மதிப்பு மாறிப்போவது சகஜம்.

ஒரு பேண்டில் நன்றாக ஓடுகிறது, இன்னொன்றில் மட்டும் சக்தி இல்லை. இதில் வால்வுக்குச் சம்பந்தமே இல்லை. ஒரே வால்வுதானே எல்லா பேண்டிலும் வேலை செய்கிறது! பேண்ட் சுவிட்சின் முனை கருகியிருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

சுவிட்ச் போட்டதும் ஃப்யூஸ் போகிறது. டையோடுகளும் வயதான கெப்பாசிட்டர்களும்தான் இங்கே முதல் சந்தேகம். பல வருடம் பரணில் கிடந்த பெட்டியை ஒரேயடியாக முழு மின்சாரத்தில் இயக்கக் கூடாது. ஊதிப்போன கெப்பாசிட்டர் வெடிக்கும்.

ஒரு வால்வு மட்டும் மங்குகிறது, அல்லது விட்டு விட்டு ஒளிர்கிறது. உடனே குப்பையில் போட வேண்டாம். 14.5 ஆம்பியர் ஓடும் இடத்தில் சாக்கெட் கொஞ்சம் தளர்ந்தாலும் முனை சூடேறும். 3-500இஸட் வால்வின் அடியில் உள்ள கால்களில் ஈயம் உருகிக் கழன்றுவிடுவது பலரும் அறிந்த பழுது. அந்தக் கால்களில் மறுபடி ஈயம் வைத்து, சாக்கெட்டை இறுக்கியதும் 'செத்த' வால்வு எழுந்து உட்காரும். ஆனால், கால் ஏன் சூடானது என்று பார்க்காமல் விட்டால் அதே பழுது திரும்பி வரும். விசிறி இறக்கையில் படிந்த தூசியைத் துடைப்பதும் சிகிச்சையில் சேர்த்தி.

பழைய பெட்டி, புதிய கருவி என்று சேர்க்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. எஸ்பி-220-ன் ரிலே வயரில் 100 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அந்தக் காலக் கருவிகள் அதைத் தாங்கின. இன்றைய கருவியின் நுண்ணிய சுவிட்ச் ஒரே நொடியில் போய்விடலாம். நடுவில் ஒரு சின்ன ரிலே சர்க்யூட் வைத்துவிட்டால் பிரச்னை இல்லை.

வால்வு எப்போது குற்றவாளி?

வால்வும் நிரந்தரம் இல்லை. ஃபிலமென்ட் அறுந்தால் ஒளியே வராது. கிரிட்டும் ஃபிலமென்ட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டால், வால்வைக் கழற்றி ஓம் மீட்டர் வைத்தாலே தெரிந்துவிடும். உள்ளே காற்று கசிந்திருந்தால், உயர் அழுத்தம் கொடுத்ததும் 'பட்' என்று மின்னல் வெட்டும்.

வயதாகித் தளர்வது வேறு மாதிரி. போன வருடம் 1,000 வாட், இந்த வருடம் 900, பிறகு 800 என்று மெல்ல இறங்கும். நேற்று ராத்திரி நன்றாக இருந்து இன்று காலை பாதியாகக் குறைந்தால், அது முதுமை அல்ல. எங்கோ ஓர் இணைப்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிளேட் சிவப்பதைப் பார்த்தும் பதற வேண்டாம். 3-500இஸட் வேலை செய்யும்போது மங்கலாகச் சிவப்பது இயல்பு. இரண்டு வால்வில் ஒன்று மட்டும் சிவந்தாலோ, சிவப்பு மஞ்சளை நோக்கிப் போனாலோதான் கையை உடனே எடுக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

இந்தப் பெட்டி வீட்டில் இருந்தால், குடும்பத்தில் எல்லோருக்கும் மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். பெட்டியருகே யாராவது விழுந்து கிடந்தால், பதற்றத்தில் அவரைத் தொட்டு இழுக்கக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் இருக்கும் என்பதால், திறந்த பெட்டியில் கை படாமல், உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்க வேண்டும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். மூச்சில்லை என்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடர வேண்டும். அந்த முதலுதவியை வீட்டில் ஒருவராவது முன்கூட்டியே கற்றுவைத்திருப்பது நல்லது. மூடி திறந்த பெட்டி இருக்கும் அறையில் குழந்தைகளுக்கு வேலையே இல்லை.

கடைசியாக, பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பெட்டி பக்கத்தில் வைத்துக்கொள்வது எந்தப் புது வால்வையும்விட லாபம். எல்லாம் நன்றாக ஓடும் நாளில், உயர் அழுத்தம் எவ்வளவு, சிக்னல் இல்லாதபோது மின்னோட்டம் எவ்வளவு, ஒவ்வொரு பேண்டிலும் டியூன், லோடு குமிழ்கள் எந்த எண்ணில் நிற்கின்றன, எத்தனை வாட் வந்தது என்று தேதியோடு எழுதிவைக்க வேண்டும். பெட்டி படுத்துவிட்ட நாளில் அந்தப் பக்கத்தைப் புரட்டி, எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். அநேகமாக அந்த இடத்தில் வால்வு இருக்காது.